இடது ஓரத்துக் கோடு

வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.
தேவகோட்டை, கோர்ட்டுக்குப் பின்தெரு,
என் வீட்டின் இரண்டாம் கட்டு.
தனி வாசல், தனி மீட்டர், பொதுக் கிணறு.

சவரிமுத்து ஐந்து மாதமாகத் தரவில்லை.
கேட்டால் "ஒண்ணாந்தேதி ஆச்சி" என்பார்.
எந்த மாதத்து ஒண்ணாந்தேதி என்று
நானும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து தம்பி மகன் சொன்னான்:
"ஃபியூஸைப் பிடுங்குங்க, தண்ணிய அடைங்க,
மூணே நாள்ல தானாப் போயிருவாரு."
மீட்டர் பெட்டி வரைக்கும் போனேன்.
உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
மாவு பாதியில் நின்றுவிடுமே என்று
திரும்பிவிட்டேன்.

வக்கீல் இராமசேது இதைக் கேட்டதும்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"நல்லவேளை.
கரண்டை வெட்டினா, பூட்டைப் போட்டா,
சட்டிபானையைத் தெருவில வச்சா
கேஸ் போடறது அவரா இருக்கும்,
பதில் சொல்றது நீங்களா இருக்கும்.
ஒப்பந்தம் எங்கே?"

இருபது ரூபாய்ப் பத்திரம், பதினொரு மாதம்.
முடிந்து மூன்று வருடம்.
"பதிவு?"
இல்லை.
பேனாவின் மூடி ஒருமுறை திறந்து மூடியது.
"அட்வான்ஸ்?"
மச்சு ஒழுகியபோது அதிலேயே போட்டுவிட்டேன்.

"முதல்ல நோட்டீஸ் விடுவோம்.
ரெண்டு மாச பாக்கி போதும்.
ஒரு மாசம் கெடு.
அதுக்குள்ள பூராவும் கட்டிட்டார்னா
இதை வச்சு அவரை அசைக்க முடியாது.
கட்டலைன்னா வாடகை நீதிமன்றம்.
அப்புறம்..."
அப்புறத்துக்கு அப்புறம்
சன்னலுக்கு வெளியே பார்த்தார்.
வாய்தாவுக்கு வந்தவர்கள் அங்கே
சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கையெழுத்துக்கு வந்தது நோட்டீஸ்.
"என் கட்சிக்காரர் தேனம்மை அவர்களுக்குத்
தாங்கள் காலி சுவாதீனம் ஒப்படைக்க..."
இடது ஓரத்தில், மேலிருந்து கீழே
மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு.

பார்த்த கோடு.
என் ஒப்பந்தத்தில் இருக்கிறது,
வீட்டுவரி மனுவில் இருக்கிறது,
தம்பியின் கருமாதி அட்டையில்கூட இருக்கிறது.
சவரிமுத்துவின் பிரிண்டருக்கு
வெகுநாளாய் அந்த ஒரு நோவு.

குமாஸ்தாவுக்கு எந்தக் கடையும் கடைதான்.
கோர்ட் வாசலில் முதல் கடை அவருடையது.

தன் பெயரைத் தானே அடித்திருக்கிறார்.
தகப்பன் பெயர் சூசையப்பன், சரி.
"எதிர்தரப்பினர்" வந்த ஏழு இடத்திலும்
ஒரு புள்ளி விடுபடவில்லை.
வக்கீல் கைப்பட எழுதிய நகலில் ஐந்து மாதம்.
அடித்து வந்ததில் ஆறு.
இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு இல்லை,
இருபத்தேழாயிரம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.
ஐப்பசி. அடைமழை.
முன்கடைக்காரர் கொடுத்த வாடகையை
இவர் பெயரில் வரவு வைத்திருக்கிறேன்.
தப்பு என்னுடையது.
திருத்தியது அவர்.

கையெழுத்துப் போட்டேன்.
வீட்டுவரி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது,
மச்சு இன்னும் ஒழுகுகிறது.
வக்கீல் தந்த சீட்டில் கடைசி வரி:
தட்டச்சு, இரண்டு நகல், அறுபது ரூபாய்.
அதை மட்டும் சில்லறையாக,
தனியாக எண்ணிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தபால்காரர்
என் வாசலைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனார்.
சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
"இங்க ஒரு கையெழுத்து."
பேனா வாங்கும் அமைதி.
உறை கிழிபடும் சத்தம் வரவில்லை.
எதற்குக் கிழிக்க வேண்டும்?

இன்று பதினோராம் நாள்.
கிணற்றடியில் அவர் மனைவி ரெஜினா
நான் நீர் எடுக்க ஒதுங்கி நின்றாள்.
குடம் நிறையும்வரை பேசவில்லை.
பிறகு, தரையைப் பார்த்து:
"ஆச்சி, கதவு நம்பர்ல ஒரு சந்தேகமாம்.
சரியா இருந்துச்சான்னு
கேட்டுட்டு வரச் சொன்னாரு."

சரியாத்தான் இருந்துச்சு என்றேன்.
புது எண் பதினான்கு, பழைய எண் ஒன்பது.
இரண்டு பேருக்கும் அதுதான்.